மேம் காட்டிய மணிலா

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஐ.ஆர். எட்டு, ஐ.ஆர். இருபது என்றால் தெரியாத விவசாயி அந்தக் காலத்தில் கிடையாது. அந்த 'ஐ.ஆர்.' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. நெல் விளைந்தது, அது போதும். பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் 1960இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்தான் அது. ஐ.ஆர். எட்டு வெளிவந்து இருபது வருடம் கழித்து, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருந்த அப்பாவுக்கு அங்கே சில காலம் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் அப்போது அந்த நிலையத்தின் தலைமை இயக்குநர். அம்மா பெட்டி நிறையப் புளியும் நல்லெண்ணெயும் கட்டிக்கொண்டு கிளம்பினார். புளி அங்கே மரம் மரமாகக் காய்த்துத் தொங்கும் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

லாஸ் பான்யோஸுக்கு முதுகுப் பக்கம் மாக்கிலிங் மலை, முன்னால் லகுனா ஏரி. மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள். தெருவோரக் கடைகளில் இளநீர் வழுக்கையை வைத்துச் சுட்ட பை அடுக்கி விற்பார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் உள்ளூர்ப் பிள்ளைகள். மீதிப் பேர் நெல் நிலையத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். ஒரு ஜப்பான் பையன், அமெரிக்க இரட்டையர், கொரியாவிலிருந்து ஒரு பெண், வங்கதேசத்துப் பையன் ஒருவன், நான். உள்ளூர்ப் பிள்ளைகளிலும் ஒருத்தி தன் கொள்ளுத்தாத்தா ஸ்பெயின்காரர் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

எங்களுக்குச் சரித்திரம் எடுத்தவரை மேம் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே எல்லா டீச்சரும் மேம்தான். ஐம்பது வயதை ஒட்டியவர், குள்ளம், வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. வகுப்பில் அந்தக் குடையின் முனையால் வரைபடத்தைத் தொட்டுக் காட்டுவார். தேதிகளை மனப்பாடம் செய்யச் சொன்னதே இல்லை. ஆனால் அவர் ஒரு தேதியைச் சொன்னால் அந்த நாளில் மழை பெய்ததா, அரிசி என்ன விலை விற்றது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றும்.

1987 பிப்ரவரியில் மணிலாவுக்கு ஒருநாள் சுற்றுலா என்று அவர் அறிவித்தபோது, வகுப்பே ஒரே குரலில் கேட்டது இமெல்டாவின் காலணிகளை. முந்தின வருடம் இதே மாதத்தில்தான் அதிபர் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடியிருந்தார். அவருடைய மனைவி விட்டுப்போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகளை மலாக்கான்யாங் அரண்மனையில் மக்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேம் தலையசைத்து மறுத்துவிட்டார். "அரண்மனை ஒரு குடும்பம் இருந்த இடம். நான் உங்களுக்கு ஓர் ஊர் இருந்த இடத்தைக் காட்டுகிறேன்" என்றார். அவர் சொன்னது இன்ட்ராமுரோஸை. 1571இல் ஸ்பானியர்களின் தலைவன் லெகாஸ்பி உருவாக்கி, பின்னால் வந்தவர்கள் மதில் எழுப்பிய பழைய மணிலா அது. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் மணிலா என்றாலே அந்த மதிலுக்குள் இருந்ததுதான்.

வீட்டில் அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஜனவரியில்தான் நிலம் கேட்டு ஊர்வலம் வந்த விவசாயிகளை மெண்டியோலா பாலத்தருகே சுட்டிருந்தார்கள். 10 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தச் செய்தி வந்த இரவு அப்பா சாப்பிடவில்லை; நெல்லோடு வாழ்ந்தவர் அவர். ஆனாலும் என்னைப் போகச் சொன்னவரும் அவர்தான். "அந்த டீச்சரம்மா கூட்டிப்போனா பயமில்லை. நல்லாக் காதுல வாங்கிட்டு வா கண்ணு" என்றார். அம்மா வாழையிலையில் புளியோதரை கட்டிக் கொடுத்தார்.

விடியுமுன்பே பஸ் கிளம்பியது. கலம்பா வந்ததும் மேம் எழுந்து நின்றார். "ரிசால் பிறந்த ஊர். ஆண்டு 1861. எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், இன்றைக்குச் சாயங்காலம் அவர் இறந்த இடத்தில் நிற்போம்." அப்புறம் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் வயல்கள் குறைந்து, தொழிற்சாலைகள் வந்து, மணிலாவின் புகை தொடங்கியதும் ஜீப்னிகள் எங்களைச் சூழ்ந்துகொண்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிப் பெஞ்சு போட்டு உருவான வண்டிகள். முன்பக்கம் நிக்கல் குதிரைகள், நெற்றியில் மாதா படம், பக்கவாட்டில் வண்டிக்காரரின் பிள்ளைகள் பெயர். ஒவ்வொன்றையும் அதன் சொந்தக்காரர் எவ்வளவு ஆசையாக அலங்கரித்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படியொரு வண்ணம் நான் அதுவரை கண்டதில்லை. விளக்குக் கம்பங்களில் புது அதிபர் கோரி அகினோவின் மஞ்சள் சுவரொட்டிகள் கிழிந்து பறந்தன. புது அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்பு அந்த மாதத் தொடக்கத்தில்தான் முடிந்திருந்தது.

முதலில் சான்டியாகோ கோட்டை. பாசிக் ஆறு கடலில் சேரும் வாயில் நிற்கிறது. 1896இல் ரிசாலை அடைத்து வைத்தது இங்கேதான். அவர் கண் மருத்துவர். தன் தாயின் கண்ணுக்குத் தானே அறுவை செய்தவர். இரண்டு நாவல் எழுதினார். அவற்றில் ஸ்பானியத் துறவிகளின் ஆட்சியைத் தோலுரித்துக் காட்டியதற்காக வந்த பகைதான் கடைசியில் உயிரைக் குடித்தது. நாட்டின் முதல் வீரனாக ஒரு நாவலாசிரியரை வைத்துக் கும்பிடும் தேசம் எனக்கு அப்போதே பிடித்துப்போனது, இன்றும் அந்தப் பிடிப்பு குறையவில்லை. மரண தண்டனைக்கு முந்தின நாள், அவர் எழுதிய கடைசிக் கவிதையை ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்புக்குள் ஒளித்துத் தங்கையிடம் கொடுத்து அனுப்பினார். உள்ளே ஏதோ இருக்கிறது என்பதைக் காவலர்களுக்குப் புரியாதபடி இங்கிலீஷில் சொன்னார். அவ்வளவு கதையையும் மேம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு எங்களை ஒரு கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நிறுத்தினார்.

உள்ளே ஒரு முதுகெலும்புக் கணு. பழுப்பேறிய சின்னத் துண்டு. குண்டு பட்ட இடம் உடைந்திருந்தது. மூக்கு கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். எலும்பின் உட்பக்கம் ரஸ்க் போலத் துளைத் துளையாக இருந்தது. பாடப் புத்தகத்தில் கோட்டும் தொப்பியுமாக நின்ற மனிதருக்கு ஒரு முதுகு இருந்தது, அதில் பின்னாலிருந்து சுட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜப்பான் பையன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் நகர்ந்தான்.

கோட்டைக்குள் ஆற்றங்கரைப் பக்கம், நிலவறைகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைச் சிலுவை இருக்கிறது. 1945 பிப்ரவரியில் அந்த நிலவறைகளில் கிடந்த ஏறத்தாழ 600 பேரின் உடல்களை அங்கே புதைத்திருக்கிறார்கள். வெடிமருந்து வைக்கக் கட்டிய அறைகள் அவை; பிறகு சிறையாக மாறின. மேம் அங்கே எதுவும் விளக்கவில்லை. குடையை மடக்கிக் கையில் பிடித்து, சிலுவைக் குறி போட்டுவிட்டுச் சற்று நேரம் நின்றார். எங்களில் சிலருக்குப் பசி வந்துவிட்டிருந்தது.

மதிலுக்குள் தெருக்கள் அகலமில்லை. குதிரை வண்டிகள் கடகடவென்று போயின. ஓரிரு வீடுகளைப் பழைய முறைப்படி புதிதாகக் கட்டி, சிப்பி ஓடு பதித்த ஜன்னல்கள் வைத்திருந்தார்கள். ஆனால் அவற்றுக்கு நடுவே நடுவே வெறும் மனை. புல் முளைத்த மனை, சரக்குப் பெட்டிகள் அடுக்கிய மனை, தகரக் கொட்டகைகள் நெருக்கியடித்த மனை. ஒரு பழைய நகரத்தின் நட்டநடுவில் இத்தனை காலியிடம் எப்படி என்று வங்கதேசப் பையன் கேட்டான். மேம் ஒரு முச்சந்தியில் நின்று, சரக்குப் பெட்டிகள் கிடந்த இடத்தைக் குடை முனையால் காட்டினார். "எங்கள் வீடு அங்கே இருந்தது. மாடியில் நாங்கள், கீழே என் மாமாவின் அச்சுக்கூடம்." அவ்வளவுதான். நடக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனோம்.

மதியச் சாப்பாட்டை மதிலோரப் புல்லில் உட்கார்ந்து முடித்தோம். மதிலைச் சுற்றி இருந்த அகழியை அமெரிக்கர்கள் தங்கள் ஆட்சியில் தூர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் கோல்ப் மைதானம் வந்துவிட்டது. என் புளியோதரைக்குப் பக்கத்துப் பெண் சுமான் கொடுத்தாள். ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து இலையில் சுருட்டியது, சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவது. புளியோதரை அவளுக்குக் காரம், ஆனாலும் விடவில்லை.

பிறகு சான் அகஸ்டின் கோயில். 1607இல் கட்டி முடித்தது. பிலிப்பைன்ஸில் இருக்கும் கற்கோயில்களில் மிகப் பழையது. வாசலில் கருங்கல்லில் சீனச் சிங்கங்கள். இரண்டு கோபுரமாக இருந்ததில் ஒன்று பூகம்பத்தில் போய்விட, ஒற்றைக் கோபுரத்தோடு நிற்கிறது. வெளியே பார்க்கச் சாதாரணம்தான். உள்ளே நுழைந்து தலையைத் தூக்கினால் கூரை முழுக்கச் சிற்பம்: கட்டம் கட்டமாகப் பள்ளம், பள்ளத்துக்குள் புடைத்த பூக்கள், கொடிகள். அமெரிக்க இரட்டையரில் ஒருவன், "எத்தனை பேர் செதுக்கியிருப்பார்கள்!" என்றான். மேம் சிரித்தார். "ஒருவரும் செதுக்கவில்லை. 1875இல் இரண்டு இத்தாலியர்கள் தீட்டியது. வெறும் சமதளம்." நாங்கள் நம்பவில்லை. அவர் எங்களைக் கோயிலின் நீளத்துக்கு நடக்கச் சொன்னார். நடக்க நடக்க நிழல்கள் விழும் பக்கம் மாறாமலே இருந்தது. வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் பூக்களின் ஒரே பக்கம்தான் கறுத்திருந்தது. அப்போதுதான் ஏற்றுக்கொண்டோம்.

"மேம், உங்களுக்கு எப்படித் தெரியும்? கிட்டத்தில் ஏறிப் பார்த்தீர்களா?" என்று கொரியப் பெண் கேட்டாள்.

"தரையில் படுத்துப் பார்த்தேன்" என்றார். கடைசி வரிசை பெஞ்சில் உட்கார்ந்து எங்களையும் உட்காரச் சொன்னார். 1945 பிப்ரவரியில் அவருக்கு ஏழு வயது. அமெரிக்கப் படை மணிலாவை மீட்க நெருங்கிக்கொண்டிருந்தது. மதிலுக்குள் இருந்த ஜப்பானியப் படை ஊர் ஜனங்களை வீட்டைவிட்டுக் கிளப்பியது. ஆண்களைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பெண்களையும் குழந்தைகளையும் இந்தக் கோயிலில் அடைத்தார்கள். ஆயிரக்கணக்கான பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை. வெளியே இரவும் பகலும் குண்டுகள். அம்மாவின் மடியில் படுத்தபடி அவர் கூரையிலிருந்த பூக்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி எண்ணித்தான் அந்த நிழல் விஷயத்தைக் கண்டுபிடித்தாராம். பிப்ரவரி 23 அன்று விட்டார்கள். வெளியே வந்தபோது தெருவே இல்லை. மதிலுக்குள் இருந்த ஏழு கோயில்களில் இந்த ஒன்றைத் தவிர எல்லாம் இடிந்து கிடந்தன. அந்த ஒரு மாதச் சண்டையில் மணிலாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். கோட்டைக்குப் போன அவருடைய அப்பா திரும்பவில்லை.

காலையில் அவர் சிலுவைக்கு முன்னால் நின்றது எதற்கு என்று எங்களுக்கு அப்போது புரிந்தது. ஒருவரும் பேசவில்லை. ஜப்பான் பையன் தலையைக் குனிந்து ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. மேம் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனிடம் தனியாக எதையும் சொல்லவில்லை. அவன் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, அதைச் சரிசெய்தார். மதிலையும் வீடுகளையும் இடித்தது யார் என்று இரட்டையரில் மற்றவன் கேட்டதற்கு, "பெரும்பகுதி உங்கள் நாட்டுப் பீரங்கிகள்" என்று நேராகச் சொன்னார். "வெளியே வந்த எனக்கு டப்பாவில் அடைத்த இறைச்சியைத் திறந்து ஊட்டியதும் உங்கள் நாட்டுச் சிப்பாய்தான்" என்று அதே மூச்சில் சொன்னார். உண்மையைக் குழந்தைகளிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்று இன்று பெரியவர்கள் விவாதிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெஞ்சுதான் நினைவுக்கு வருகிறது. மேம் அளவு பார்க்கவில்லை. முழுதாகச் சொன்னார், அந்தச் சுமையை எந்தப் பிள்ளையின் தலையிலும் வைக்கவில்லை.

என் முறையும் வந்தது. தென்மேற்கு மூலையில் சான் டியேகோ கொத்தளம். அங்கே புனரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல்லால் கட்டிய மதில் அது. விரலால் தேய்த்தால் தூள் உதிரும். இடுக்குகளில் பாசியும் பெரணியும். "1762இல் இங்கிலீஷ்காரர்கள் இந்தப் பக்கத்தில்தான் மதிலை உடைத்து உள்ளே வந்தார்கள். அவர்களுடைய கப்பல்கள் எங்கிருந்து கிளம்பின?" என்று மேம் கேட்டார். லண்டன் என்றான் ஒருவன். மேம் குடை முனையை என் பக்கம் திருப்பினார். "மெட்ராஸிலிருந்து. இவனுடைய ஊரிலிருந்து."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மெட்ராஸ் என்றால் மீனம்பாக்கமும் மாமா வீட்டு மொட்டை மாடியும்தான். அங்கிருந்து பீரங்கியோடு ஒரு படை இந்த மதிலுக்கு வந்திருக்கிறது! டிரேப்பர் என்ற தளபதி, கார்னிஷ் என்ற கடற்படைத் தலைவர். அவர்களோடு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மட்டுமில்லை, மெட்ராஸ் பக்கத்தில் திரட்டிய சில நூறு இந்தியச் சிப்பாய்களும் வந்தார்கள். செப்டம்பரில் மணிலா விரிகுடாவில் நுழைந்து, அக்டோபர் தொடக்கத்தில் ஊரைப் பிடித்தார்கள். 1764 வரை மணிலா அவர்கள் கையில் இருந்தது. போகும்போது அந்தச் சிப்பாய்களில் பலர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அந்த ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். இதைச் சொன்ன மேம், "ஆக, இந்த மதிலை உடைக்க உங்கள் எல்லாருடைய பாட்டன்களும் ஒருமுறை வந்திருக்கிறார்கள்" என்றார். ஸ்பானியக் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொல்லும் பெண், தன் பாட்டன் மதிலைக் கட்டியவன் என்றாள். "கட்டச் சொன்னவன். கல் சுமந்தது என் பாட்டன்" என்றார் மேம்.

மெட்ராஸுக்கும் மணிலாவுக்கும் இருந்த உறவு பீரங்கியோடு தொடங்கியதல்ல என்பதைப் பிற்பாடு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்பே சோழமண்டலக் கரைத் துணிகள் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் பசிபிக்கைத் தாண்டி மெக்சிகோவின் அகபுல்கோவரை போயிருக்கின்றன. மணிலா வியாபாரத்தில் பணம் சேர்த்த ஆர்மீனியர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். பரங்கிமலைப் படிகளும் அவர் கொடைதான். இன்று மறைமலையடிகள் பாலத்தில் போகும் ஆயிரமாயிரம் பேரில் அங்கே மணிலாப் பணம் கல்லாகிக் கிடந்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பாடப் புத்தகங்கள் இதைச் சொல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அதன் பிறகு நடந்தவற்றில் பாதி மங்கிவிட்டது. மணிலாவின் உயர்பாலத்து ரயில் அப்போது புதுசு, 1984 கடைசியில் தொடங்கியது. டோக்கனை வாயிலில் போட்டால் கம்பி சுழன்று வழிவிடும். ஒரே ஒரு நிறுத்தம் போனோம். லகுனாப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பெட்டியே அதிர்ந்தது. ரிசால் பூங்காவில் அவர் நினைவுச் சின்னம், அசையாமல் நிற்கும் காவலர்கள். 1896 டிசம்பர் 30 காலை ஏழு மணியை ஒட்டி இங்கேதான் சுட்டார்கள். அப்போது அவருக்கு வயது 35. கடைசி நிமிஷத்தில் மருத்துவர் பார்த்தபோது அவர் நாடி நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்ததாம். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் என்னைப் பார்த்து "பும்பாய்!" என்று கூப்பிட்டார். இந்தியர் யாரைக் கண்டாலும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பம்பாய் என்ற ஊர்ப் பெயரின் திரிபு; வட்டிக்குக் கடன் கொடுக்க வீடு வீடாக வரும் பஞ்சாபிகளோடு ஒட்டிக்கொண்ட பெயர். அழுகிற குழந்தையைப் பும்பாயிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று பயமுறுத்தும் தாய்மார்களும் உண்டு. வழக்கமாக எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவுக்குக் கைந்தா என்ற பெயர் மனதில் தைத்துவிட்டது. அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கோயில் வாசலில் ஒரு அம்மாள் பிபிங்கா சுட்டுக்கொண்டிருந்தார். நல்ல கறுப்பு, எடுப்பான மூக்கு, அடர்ந்த புருவம். கோபிச் சந்தையில் உட்கார வைத்தால் யாரும் வேற்றூர் என்று சொல்லமாட்டார்கள். ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் தேங்காய்ப்பால் கலந்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, கீழே கரியடுப்பு, மேலே தகர மூடியில் கங்கு வைத்துச் சுட்டார். இலை கருகி மணம் வந்ததும் மூடியைத் தூக்கினார். அப்பா தனக்குத் தெரிந்த கொஞ்சம் தகலாக்கில், உங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்களா என்று கேட்டார். அந்த அம்மாள் தயங்கவேயில்லை. "என் பாட்டியையும் பும்பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் எந்த ஊர்?" என்றார். அப்பா சொன்னார். அவருக்கு அது புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் பேச்சில் கவனமில்லை, சட்டியிலேயே கண். "இதென்ன பெரிய வித்தை, மாவு புளிக்கோணும், அவ்வளவுதான்" என்று அந்தச் சட்டியைப் போலவே ஒன்றைக் கடைத்தெருவில் விலை பேசி வாங்கினார். மறுநாளே வீட்டில் சுட்டார். மேல்பக்கம் சிவக்க ஆரம்பித்ததும் நான்கு துண்டு வெட்டி, டப்பாவில் போட்டு, "டீச்சரம்மாகிட்டக் குடு" என்றார். இடைவேளையில் மேம் நின்றபடியே ஒரு துண்டைத் தின்றார். கைந்தாவில் கண்டதையெல்லாம் சொன்னேன், தின்றுகொண்டே கேட்டார். அடுத்த துண்டை எடுத்துவிட்டு, "உன் அம்மாவிடம் சொல், அடுத்த முறை மேலே ஒரு வில்லை உப்பு முட்டை வைக்கவேண்டும்" என்றார்.